ஐம்பது மைக்ரோகிராமும் ஓர் எலெக்டிவ் படிவமும்

1. வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.25

எங்கள் கல்லூரியின் இன்டர்ன்ஷிப் கோஆர்டினேட்டர் சாரிடமிருந்து ஃபோன் வந்தது.

"கிரிட்டிக்கல் கேர்ல ஒரு எடம் காலி ஆயிருக்கு. திங்கக்கெழம காலைல ஒம்பது மணிக்கு ஐ.சி.யு. வாசல்ல நிக்கணும். நின்னா எடம் ஒனக்கு. இல்லன்னா லிஸ்ட்டுல அடுத்த ஆளு. என்ன சொல்லுக?"

மாதக் கணக்கில் நான் காத்திருந்த அழைப்பு அது. உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அப்போது நான் குழந்தைகள் ஓ.பி.யில் ஒரு ஸ்டீல் தட்டில் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து நான்கு நாள் வயதுள்ள ஒரு பெண் குழந்தையின் மாத்திரைகள். முப்பது மிச்சம் இருக்க வேண்டும், முப்பது இருந்தது. கணக்கு சரியாக இருந்தது. குழந்தைதான் சரியாகவில்லை.

"சார், நாளைக்குக் காலைல சொல்லட்டுமா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரெசிடென்சி ரெசிடென்சின்னு எனக்க உசிர எடுத்தது நீதானே!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பள்ளி நாள்களிலிருந்து டைரி எழுதுகிறவள் நான். தேதி, கிழமை, மணி இல்லாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. இந்தக் குறிப்பில் மட்டும் தேதிகளை விட்டுவிட்டேன். தேதியை வைத்து ஒரு குடும்பத்தை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். பெயர்களும் மாற்றியவை. கிழமையும் மணியும் டைரியில் உள்ளபடி.

2. மூன்று கட்டங்கள்

பார்ம்.டி. என்பது ஆறு வருட மருந்தியல் படிப்பு. ஆறாம் வருடம் முழுவதும் ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். அதில் ஆறு மாதம் ஜெனரல் மெடிசின், எல்லோருக்கும் கட்டாயம். மீதி ஆறு மாதத்தை இரண்டிரண்டு மாதமாக மூன்று துறைகளில் கழிக்க வேண்டும். எந்த மூன்று என்பதை மாணவர் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் கல்லூரியில் அதற்கு எலெக்டிவ் படிவம் என்று ஒன்று உண்டு. அதில் மூன்று கட்டங்கள்.

படிப்பு முடிந்ததும் ரெசிடென்சிக்குப் போக வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓரிரு வருடம் டாக்டர்களோடு ரவுண்ட்ஸ் போய், எந்த மருந்து, எவ்வளவு, எப்போது என்ற முடிவுகளில் பங்கெடுத்துப் பழகும் பயிற்சி அது. இடங்கள் குறைவு. நேர்முகத்தில் முதலில் பார்ப்பது இந்த மூன்று கட்டங்களைத்தான் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் கிரிட்டிக்கல் கேர், கார்டியாலஜி, ஆன்காலஜி என்று எழுதினேன். துறைகளின் பெயர்களே கனமாக இருந்தன.

பட்டியல் ஒட்டிய அன்று என் பெயருக்கு நேரே முதல் இரண்டு மாதம் பீடியாட்ரிக்ஸ் என்று இருந்தது. ஐ.சி.யு.வில் இடம் நிரம்பிவிட்டதாம். யாராவது விலகினால் ஒரு மாதம் கழித்து மாறிக்கொள்ளலாம் என்றார் சார்.

கொட்டாரத்திலிருந்து வரும் பெனிலா என் வகுப்புத் தோழி. ஐ.சி.யு. காத்திருப்போர் பட்டியலில் எனக்கு அடுத்த பெயர் அவளுடையது. கேண்டீனில் ரசவடையைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்:

"ஏட்டி, சிரப்பு பாட்டில குலுக்கதுக்கா ஆறு வருஷம் படிச்ச?"

"ரெண்டு மாசந்தானே."

"ரெண்டு மாசம் குலுக்கினா கை நல்ல பலமாவும். நேர்முகத்துல அதச் சொல்லு, மக்கா."

சிரித்தேன். ஆனால் என் எண்ணமும் ஏறக்குறைய அதுதான்.

3. பால் வெட்டுக்காரரின் காலண்டர்

பீடியாட்ரிக்ஸில் எனக்கு இரண்டாவது வாரம். பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பினு அண்ணன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மனைவி அனிதா. கையில் ஆன்சி என்ற குழந்தை.

பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்த பரிசோதனையில், ஆன்சிக்குத் தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை என்று தெரிந்திருந்தது. இதில் பயங்கரம் என்னவென்றால் குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பால் குடிக்கும், கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், அழுகை குறைவாக இருக்கும். "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அந்த மாதங்களில் வளர வேண்டிய மூளை அந்த ஹார்மோனுக்காகக் காத்திருக்கிறது. கிடைத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே நடக்கும், பேசும், படிக்கும். அந்த மாதங்களைத் தவற விட்டால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

கொடுக்க வேண்டியது லீவோதைராக்ஸின் மாத்திரை. ஒன்றில் இருபத்தைந்து மைக்ரோகிராம். அதுவரை மருந்தை மில்லிகிராமில் நினைத்துப் பழகிய எனக்கு அந்த அளவு மனதில் ஏறவில்லை. அன்று பஸ்ஸில் உட்கார்ந்து டைரியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். தினம் ஐம்பது மைக்ரோகிராம் என்றால், ஒரு கிராம் மருந்து இருபதாயிரம் நாளைக்கு வரும். ஐம்பத்து நான்கு வருடத்துக்கும் மேல். கால் ஸ்பூன் உப்பளவு பொருள் ஓர் ஆயுளில் பாதிக்கு மேல் ஒரு மனதைத் தாங்குகிறது. கணக்கில் தவறு இருக்கும் என்று மூன்று தடவை போட்டேன். சுசீந்திரம் ஸ்டாப்பில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்தேன்.

ஆன்சிக்குப் பன்னிரண்டாம் நாள் மருந்து தொடங்கியிருந்தார்கள். தினம் ஒன்றரை மாத்திரை. ரத்தத்தில் டி.எஸ்.எச். என்ற அளவு முதலில் நூறுக்கு மேல். மருந்து போதுமான அளவு போனால் அது சில வாரங்களில் பத்துக்குக் கீழே வந்துவிட வேண்டும். நான்காவது வாரத்தில் ஐம்பத்தெட்டு.

"மருந்து ஒழுங்காப் போகுதான்னு பாரும்மா" என்றார் எங்கள் யூனிட் டாக்டரம்மா. அந்த வேலைதான் என்னுடையது.

வெள்ளைக் கோட்டு போட்ட பெண் யாரானாலும் பினு அண்ணனுக்கு சிஸ்டர்தான். "நான் நர்ஸ் இல்ல, பார்மசிஸ்ட்" என்றேன். "ஆட்டு, சிஸ்டர்" என்று ஒப்புக்கொண்டார். பிறகு கக்கத்தில் சுருட்டி வைத்திருந்த மாதக் காலண்டரை மேசைமேல் விரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு டிக். அதன் கீழே மணி. 6.10. 6.05. 6.10.

"முதல் வெட்டு முடிச்சு வந்த ஒடனே குடுப்பேன். ஒரு நாளு தெற்றல, விட்டுப்போவல, பாத்துக்கிடுங்க. எனக்க கையில நிந்து ஒரு பொட்டு சிந்தாது. கத்தி ஒரு நூலு கூடப் போனா மரம் புண்ணாவும். அந்தக் கையாக்கும் இது."

அவர் கிழமையும் மணியும் எழுதுகிறவர். எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன்.

"இரும்புச் சத்து சொட்டு மருந்து ஏதாவது குடுக்கியளா?"

"இல்ல."

"தாய்ப்பால் தவிர?"

"ஒண்ணும் இல்ல."

"உரமருந்து?"

சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு இவற்றைக் கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்துக் கைக்குழந்தைக்குப் புகட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

அனிதா சொன்னாள்: "அது டாக்டரம்மா வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு, சிஸ்டர்."

"மாத்திரைய எப்படிக் குடுக்கிய?"

"நல்லாப் பொடிச்சு, பால்ல கலக்கித்தான்" என்றார் பினு அண்ணன்.

நூறு மாத்திரை பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினேன். நான்கு வாரத்துக்கு நாற்பத்திரண்டு போக ஐம்பத்தெட்டு. சரி. கேஸ் ஷீட்டில் "மருந்தெடுப்பு: முழுமை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பி டாக்டரம்மா மருந்தைத் தினம் இரண்டு மாத்திரையாக உயர்த்தினார்.

இரண்டு வாரம் கழித்து, நான் தொடக்கத்தில் சொன்ன வெள்ளிக்கிழமை, டி.எஸ்.எச். ஐம்பத்திரண்டு.

4. திங்கள் ஒன்பது மணி

ஆன்சியின் தலையைத் தடவியபடி டாக்டரம்மா ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ரெண்டு மாத்திரை இந்த எடைக்குக் கொறவே இல்ல. குடல்ல உறிஞ்சலையோ என்னவோ. திங்கக்கிழமை அட்மிட் பண்ணுவோம். செவ்வாய் காலையிலருந்து இங்கேயே மருந்து குடுத்துப் பாத்துட்டு, தேவைப்பட்டா மூணு மாத்திரை, எழுவத்தஞ்சாக்குவோம். மருந்தெடுப்பு முழுசுன்னு நீ எழுதியிருக்க இல்ல?"

"ஆமா மேடம்."

சனிக்கிழமை காலை கோஆர்டினேட்டர் சார் அறைக்குப் போனேன். புதன்கிழமை வரை அவகாசம் கேட்டேன்.

"ஐ.சி.யு. என்ன ஒனக்க வீட்டு அடுக்களையா, தோணும்போ வாறதுக்கு?"

"ஒரு குழந்தைக்க மருந்துல எதுவோ ஒண்ணு மனசிலாவல சார். எனக்க கையெழுத்து இருக்கு."

"அங்க டாக்டர் இல்லியா? நீ இன்டர்ன். நீ போனா வேற இன்டர்ன் வருவா. கையெழுத்து எல்லாரும் போடுததுதான்."

அவர் சொன்னதில் தவறு இல்லை. அறைக்கு வெளியே பெனிலா நின்றாள்.

"ஏட்டி, நீ போவலன்னா நான் போவேன். பொறவு அழப்பிடாது."

"போ."

"நெசமாவா சொல்லுக? கிறுக்கி!" என்றாள். ஆனால் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

குழந்தைகள் வார்டின்மேல் பாசம் வந்ததால் நான் அங்கே தங்கவில்லை. தரவு முழுவதும் சரியாக இருந்து முடிவு தவறாக வந்தது என்னைத் தொந்தரவு செய்தது. நாள்கள் சரி, மணி சரி, எண்ணிக்கை சரி. அப்படியானால் பிசகு நான் எழுதாத ஏதோ ஓர் இடத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கேஸ் ஷீட்டின் நகலை வைத்துக்கொண்டு யோசித்தேன். மருந்தைக் கொடுக்கும் கையை மட்டும் நான் பார்த்ததில்லை என்று மாலையில்தான் தோன்றியது.

திங்கள் ஒன்பது மணிக்கு நான் பீடியாட்ரிக்ஸில்தான் நின்றேன். 9.04-க்கு பெனிலா ஐ.சி.யு. வாசலிலிருந்து ஒரு செல்ஃபி அனுப்பினாள்.

5. செவ்வாய், காலை 6.10

முதல் பஸ் பிடித்து 5.50-க்கு வார்டுக்கு வந்துவிட்டேன். நர்ஸ் மருந்து பாட்டிலை எடுத்து வைத்திருந்தார். நான் இரண்டு ஸ்பூன்கள் கொண்டு வந்திருந்தேன். மாத்திரையை ஸ்பூன்களுக்கு இடையில் நசுக்கிப் பாலில் கலக்குவது நாங்கள் சொல்லும் முறை.

பினு அண்ணன் தடுத்தார். "நான் குடுத்தா போறாதா சிஸ்டர்? அவளுக்கு எனக்க கைதான் பழக்கம்."

"நீங்களே குடுங்க அண்ணே. வீட்டுல எப்படிச் செய்வியளோ அதே மாதிரி."

அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பையிலிருந்து தோர்த்துத் துண்டில் சுற்றிய ஒரு பொதியை எடுத்தார். "இங்க கல்லு இருக்காதுன்னு தெரியும். அதான் கையோட கொண்டு வந்தேன்."

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கறுப்புக் கல். நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது.

நான் ஸ்பூன்களைக் கோட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இரண்டு மாத்திரையையும் குழியில் வைத்தார். அனிதா பீய்ச்சி வைத்திருந்த தாய்ப்பாலில் நான்கு சொட்டு விட்டார். ஆள்காட்டி விரலால் வட்டமாக உரைக்கத் தொடங்கினார். உதட்டுக்குள் எண்ணினார். இருபத்தொரு சுற்று. விரல் ஒரே அழுத்தத்தில், ஒரே வட்டத்தில் போயிற்று. எங்கள் கல்லூரி லேபில் ஐந்து வருடம் உரலும் குழவியும் பிடித்த யாரும் அவ்வளவு அழகாகச் செய்து நான் கண்டதில்லை. வெண்ணெய்போல வந்த விழுதை விரலால் வழித்துச் சங்கில் சேர்த்து, மேலும் பால் விட்டு, ஆன்சியின் வாயோரம் வைத்துச் சாய்த்தார். ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை. காலண்டரில் டிக் போட்டு 6.10 என்று எழுதினார்.

பிறகு கல்லைக் கழுவக் குவளையை எடுத்தார்.

"அண்ணே, கழுவாதீங்க. அப்படியே ஃபேனுக்குக் கீழ வைங்க."

"பாலு காஞ்சா மணக்கும் சிஸ்டர்."

"பத்து நிமிஷம்."

ஈரமாக இருக்கும்வரை கல் கறுப்பாகவே இருந்தது. காயக் காயக் குழியிலும் அதன் சுவர்களிலும் வெள்ளை படர்ந்தது. நுண்ணிய துளைகள் ஒவ்வொன்றிலும் வெள்ளை. குளிர்காலத்தில் பால் ஏடு கட்டுவதுபோல முழுக் குழியும் வெளுத்தது. அதில் பெரும்பகுதி மாத்திரையைச் சேர்த்துப் பிடிக்கும் மாவுதான். மருந்தைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் மாவு எங்கே நிற்கிறதோ அங்கேதான் மருந்தும் நிற்கும்.

உரைமருந்தில் இது ஒரு குறையே இல்லை. சாதிக்காயை நாலு சுற்று உரைத்தால் வழிக்க வருவது மட்டும்தான் அளவு. கல்லில் தங்கியது கணக்கில் வராது. அந்த வழக்கத்துக்குப் பொருந்தும் கல் அது. மாத்திரைக்குப் பொருந்தாது. உரைமருந்தை நிறுத்தச் சொன்னோம்; நிறுத்தினார்கள். கல்லைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கு மருந்து என்றால் கல்லில் உரைப்பதுதானே!

பினு அண்ணன் அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ எனக்க பிள்ளைக்க மருந்த நான் கல்லுக்கா குடுத்தேன்?"

அனிதா அவர் தோளில் கை வைத்தாள். "நீங்க வேணும்னா செஞ்சிய? பொடிப்பொடியா இருந்தா பிள்ளைக்கு வயித்துக்குக் கொள்ளும்னுதானே!"

"நாப்பத்தாறு நாளு" என்றார் அவர். அவருக்கும் நாள் கணக்கு மறக்காது.

"நான்தான் அண்ணே செஞ்சு காட்டச் சொல்லாம விட்டேன்" என்றேன். அது சமாதானத்துக்குச் சொன்னதல்ல.

6. தராசு

8.15-க்கு டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். என் கையெழுத்தைத் தவறு என்று சொல்லிவிட்டுக் கல்லைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக் குனிந்து பார்த்தார்.

"இருபது வருஷமா இந்த மருந்தை எழுதுறேன்" என்றார். பிறகு கேஸ் ஷீட்டைத் திறந்து, "இனி எவ்வளவு குடுப்போம், சொல்லு" என்றார்.

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. "அதே அம்பது மேடம். கூட்ட வேண்டாம். இனி முழுசும் உள்ள போகும்."

"எழுவத்தஞ்சாக்கியிருந்து, ஒரு நாள் இவங்களா ஸ்பூனுக்கு மாறியிருந்தா, பிள்ளைக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சிருக்கும்" என்றார் அவர். ஐம்பது என்றே எழுதினார்.

சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு வீட்டில் உரைகல் இரவல் வாங்கிக் கல்லூரி லேபுக்குக் கொண்டு போனேன். காலாவதியான மாத்திரைகளை உரைத்து, வழித்து, காயவைத்து, நுண் தராசில் நிறுத்தேன். பத்து முறை செய்தேன். சில முறை பாதிக்கும் கீழே வந்தது. ஒரே ஒரு முறை முக்கால் பங்கு வந்தது. இரண்டு முறை ஒரே எடை வரவில்லை. பினு அண்ணனின் கை என்னுடையதைவிட நல்ல கை. ஆனாலும் கல் கல்தான்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் 3.40-க்கு ரிப்போர்ட் வந்தது. லேப் ஜன்னலில் நான் அதை வாங்கும்போது பினு அண்ணன் ஐந்தடி தள்ளி நின்றார். பக்கத்தில் வரவில்லை.

ஒன்பது.

ஐம்பத்திரண்டிலிருந்து ஒன்பது. மருந்து அதே மருந்து, அளவு அதே அளவு, கொடுத்தது அதே கை. இரண்டு ஸ்பூன் மட்டுமே புதிது. நான் விரல்களால் ஒன்பது என்று காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அனிதாவின் தோளில் ஆன்சி அன்று ஓயாமல் அழுதாள். கணீரென்ற அழுகை. வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவள் குரலை நான் சரியாகக் கேட்டதே இல்லை.

7. பிறகு

ஐ.சி.யு. எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரெசிடென்சி நேர்முகத்தில், "கிரிட்டிக்கல் கேர் செய்யவில்லையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். தேர்வாகவில்லை. பெனிலா வேறோர் ஊரில் தேர்வானாள், நல்ல ஐ.சி.யு. பார்மசிஸ்ட் அவள், இன்றும். எனக்கு அதற்கும் அடுத்த வருடம்தான் இடம் கிடைத்தது. குழந்தைகள் பிரிவில்.

இப்போது எலெக்டிவ் படிவத்தோடு வருகிறவர்கள், எந்தத் துறை ரெசிடென்சிக்கு மதிப்பு என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எந்த வார்டுக்குப் போனாலும் ஒரு நாளாவது, மருந்து நோயாளியின் வாய்க்குள் போகும் நேரத்தில் அங்கே நில்லுங்கள். "எப்படிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "கொடுத்துக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். சொன்ன பதிலுக்கும் செய்த செயலுக்கும் நடுவில் நாற்பத்தாறு நாள் காணாமல் போகலாம்.

ஆன்சிக்கு மூன்று வயதானபோது வளர்ச்சிப் பரிசோதனைக்குக் கொண்டு வந்தார்கள். அந்த நாற்பத்தாறு நாள் எதையாவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் இனித் தெரிந்துவிடும். நான் அறையின் மூலையில் நின்றேன். பினு அண்ணன் வாசலில். சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த உளவியலாளர் பட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது என்னம்மா?"

"பூச்ச."

அவர் விழித்தார். "பூனைதான்" என்றேன் நான்.

"இது?"

"கோழி. எங்க வீட்டுல ஆறு உண்டு. ஒண்ணு செத்துப் போச்சு."

"இது?"

கிளைகளோடு ஒரு மரத்தின் படம். ஆன்சி அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி, மரத்தின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அட்டையின் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"மரம். ஆனா இதுல யாரோ சிரட்ட கெட்ட மறந்துட்டாவ. பாலு முழுக்கத் தரையில போவும்."

உளவியலாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ரப்பர் பால் வடிய மரத்தில் கட்டும் தேங்காய்ச் சிரட்டையைச் சொல்கிறாள் என்று அவருக்குச் சொல்ல வாயெடுத்த நான் வாசல் பக்கம் திரும்பினேன். வாசலில் பினு அண்ணன் தோர்த்தால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

"மரம், சரி" என்று குறித்துக்கொண்டு உளவியலாளர் அடுத்த அட்டையை எடுத்தார்.